கருவாச்சியின் காலில் பச்சைத் துணி

கருவாச்சி காணாமல் போய் இன்றோடு இருபத்திரண்டு நாள்.

போன வாரம் படித்தவர்களுக்குத் தெரியும். விட்டுப்போனவர்களுக்காக ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். முதலில் முட்டை காணாமல் போனது. இரண்டு வாரம், கருவாச்சி கத்துகிறாள், கூட்டில் முட்டை இல்லை. பிறகு முட்டை போட்டவளே காணாமல் போனாள். கறுப்புக் கோழி, காலில் பச்சைத் துணி. பக்கத்து வீட்டு ஷாருல் மேல் எனக்குச் சந்தேகம். சந்தேகத்தை மனதுக்குள் வைத்துப் பூட்டுகிற பழக்கம் எனக்குக் கிடையாது. எங்கள் லோரோங், அந்தச் சின்னச் சந்தின் நடுவில் நின்று, நாலு வீட்டுக்குக் கேட்கும்படி, "திருட்டுக் கை" என்று சொல்லிவிட்டேன்.

"உள்ள வந்து தேடிப் பாருங்க அங்கிள்" என்றான் அவன்.

"திருடன் வீட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன்" என்று சொல்லித் திரும்பிவிட்டேன்.

அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருக்கிற தகர வேலி உண்மையிலேயே வேலி ஆகிவிட்டது. அதற்கு முன்னால் முப்பத்தொரு வருஷம் அது துணி காயப்போடுகிற இடம்தான்.

நாளைக்கு ஜெயலெட்சுமிக்கு முதல் வருஷப் படையல். ஜெயலெட்சுமி என் சம்சாரம். கோழிகள் அவளுடையவை. நான் ஒரு வருஷமாகத் தீனி போடுகிறவன், அவ்வளவுதான்.

காலையில் வெளிச்சம் வந்ததும் ரெபான் கதவைத் திறந்தேன். கோழிக்கூட்டை சுங்கை பினாங்கில் யாரும் கோழிக்கூடு என்று சொல்வதில்லை, ரெபான்தான். முதலில் சேவல் இறங்கினான். பெயர் துரை. நெஞ்சை முன்னால் தள்ளிக்கொண்டு, தோட்டத்துத் துரை மரம் எண்ண வருகிற மாதிரி நடப்பான். அவள் வைத்த பெயர். பின்னால் ஐந்து கோழிகள். எண்ணினேன். மறுபடியும் எண்ணினேன். மூன்றாவது தடவையும் எண்ணினேன். என் எண்ணிக்கையில் எனக்கே நம்பிக்கை இல்லை.

ஒவ்வொன்றின் வலது காலிலும் சிவப்புத் துணி. பழைய சேலைக் கரையைக் கிழித்து அவள் கட்டியது. பக்கத்து வீட்டுக் கோழிகள் வெறுங்காலோடு திரியும். வேலிக்கு அடியில் பூந்து வந்து கலந்தால் பிரித்துப் பார்க்க அந்தத் துணிதான் அடையாளம். கருவாச்சிக்கு மட்டும்தான் பச்சை. சிவப்பு தீர்ந்துபோயிருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

தவிட்டில் நேற்றைய சோற்றைப் போட்டுப் பிசைந்தேன். கையில் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், விட்டால் உதிர வேண்டும். தண்ணீர் கூடினால் மத்தியானத்துக்குள் புளித்துவிடும். புளித்ததைத் தின்றால் கழிச்சல். உப்பு இருக்கவே கூடாது. அவள் போன முதல் மாதம் மீன் குழம்புச் சோற்றைப் போட்டு இரண்டு குஞ்சுகளைக் கொன்றேன். முட்டை ஓட்டைக் காயவைத்து, பொடியாக நுணுக்கித்தான் போட வேண்டும். முழுசாகப் போட்டால் ஓட்டின் உருவம் தெரிந்து, சொந்த முட்டையையே கொத்தப் பழகிவிடும்.

இதையெல்லாம் அவள் எனக்குச் சொல்லித் தரவில்லை. நானும் கேட்கவில்லை. அவள் தீனி வைக்கிற நேரம் நான் பின்பக்கம் நாற்காலி போட்டுப் பேப்பர் விரித்து உட்கார்ந்திருப்பேன். அத்தனை வருஷம் படித்த பேப்பரில் ஒரு வரி ஞாபகம் இல்லை. அவள் கை என்ன செய்தது என்பது மட்டும் அப்படியே இருக்கிறது.

கருவாச்சி இருந்தவரைக்கும் நான் பிசைகிற நேரம் வந்து என் செருப்பின் மேல் ஏறி நிற்பாள். இப்போது செருப்பு காலியாக இருந்தது. அது கொஞ்சம் எரிச்சலாக இருந்தது.

ஒன்பது மணிக்கு லோகேஸ்வரி வந்து சேர்ந்தாள். என் மகள். நிபோங் திபாலில் குடும்பம். காரிலிருந்து வாழை இலைக் கட்டு, தேங்காய், பூ, அவள் அம்மா படத்துக்குப் புது மாலை எல்லாம் இறங்கின. கடைசியில் அவள் முகம் இறங்கியது.

"அப்பா, எல்லாம் வாங்கிட்டேன். கோழிக்கு என்ன பண்ணப் போறீங்க?"

"என்ன பண்ணணும்?"

"நாளைக்குப் படையல். அம்மாவுக்குக் கோழிக்கறி இல்லாம எப்படி? பாசாருக்குப் போய் வாங்கிட்டு வரவா? நாட்டுக்கோழின்னே எழுதி மாட்டியிருக்காங்க."

"எழுதத் தெரிஞ்சவன் எல்லாம் எழுதி மாட்டுறான். அது என்னத்த தின்னு வளந்துச்சின்னு அவன் எழுதுவானா? உங்கம்மா உசுரோட இருந்தா அதத் தொட்டிருப்பாளா?"

"அப்ப நம்ம துரைய..."

"வாய கழுவு. அவ வளத்தத அவளுக்கே ஆக்கிப் படைக்கிறதா?"

லோகா இலைக் கட்டைப் படியில் வைத்தாள். அவளுக்கும் தெரியும்.

இந்த வீட்டுக்கு வந்த முதல் தீபாவளிக்கு எங்கள் கோழியைத்தான் அடித்தோம். ஜெயா ஆக்கினாள், எல்லோருக்கும் பரிமாறினாள், கடைசியில் தன் தட்டில் ரசத்தை ஊற்றிக்கொண்டாள். "என்ன புள்ள?" என்றேன். "நேத்து என் கையில கொத்தித் தின்னுச்சு" என்றாள். அடுத்து வந்த நோன்புப் பெருநாளுக்குப் பக்கத்து வீட்டிலும் அதே கதை. ஷாருலின் அம்மா காமாரியா தன் கோழியைத் தானே தின்ன முடியாமல் வேலியோரம் வந்து மூக்கைச் சிந்திக்கொண்டு நின்றாள்.

வேலியில் துணி காயப்போட்டுக்கொண்டே இரண்டு பெண்களும் ஒரு சட்டம் போட்டார்கள். உன் வீட்டுக் கோழி எனக்கு, என் வீட்டுக் கோழி உனக்கு. தீபாவளிக்குக் காமாரியா கொடுப்பாள், பெருநாளுக்கு ஜெயா கொடுப்பாள். இரண்டையும் அறுப்பது காமாரியாவின் புருஷன் காஜா மொய்தீன். சூலியா தெருவில் கடை வைத்திருந்தவர். கடை திறக்கப் போகுமுன் கத்தியைக் கல்லில் நாலு இழுப்பு இழுத்து, பிஸ்மில்லா சொல்லி, ஒரே வீச்சில் முடித்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு மோட்டாரில் ஏறிப் போய்விடுவார். தின்பதும் தெரிந்த தீனி போட்டு வளர்ந்த கோழி. மனசும் உறுத்தாது. முப்பது வருஷம் நான் கேள்வி கேட்காமல் தின்ற சாப்பாடு அது.

"அப்ப ஒரே வழிதான் இருக்கு" என்றாள் லோகா. தகர வேலியைப் பார்த்தாள்.

"அந்தப் பேச்சே வேணாம்."

"காமாரியா அத்தைகிட்ட நான் கேக்குறேன்."

"திருடுன வீட்டுல போய்க் கேப்பியா?"

"பாத்தீங்களா? ஷாருல் எடுத்தத உங்க கண்ணால பாத்தீங்களா?"

"வேற யாரு எடுப்பா? உடும்பா? உடும்பு எடுத்தா இறக்கை கெடக்கும். மூசாங் பூனை எடுத்தா ரத்தம் கெடக்கும். ஒண்ணுமே கெடக்கல. சுத்தமா எடுக்க மனுசனாலதான் முடியும்."

"சரிப்பா. பாசார் கோழி வேணாம், நம்ம கோழி வேணாம், அத்தை வீட்டுக் கோழியும் வேணாம். நாளைக்கு அம்மா வந்து, வெறும் இலையப் பாத்துட்டு பட்டினியா திரும்பிப் போகட்டும். அதுதானே ஒங்களுக்கு வேணும்?"

நான் தேங்காய் ஒன்றை எடுத்துக் காதருகே ஆட்டிப் பார்த்தேன்.

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள். தடுக்கவில்லை. தடுத்திருக்கலாம்.

பப்பாளி மரத்தடியில் சாம்பல் குழியைக் கிளறிவிட்டேன். கோழிகள் சாம்பலில் புரண்டால் பேன் போகும். கிளறிக்கொண்டே வேலிப் பக்கம் காதை வைத்தேன். காமாரியா பேசுகிறாள். லோகா பேசுகிறாள். பிறகு இரண்டு பேரும் பேசவில்லை. அந்த அமைதிக்குள் ஒரு சத்தம் கேட்டது. கீச், கீச்.

குஞ்சுச் சத்தம்.

காமாரியா வீட்டில் போன வருஷமே அடைக்கு உட்கார்கிற கோழி இல்லை. எனக்குத் தெரியும்.

கால் மணி நேரம் கழித்து லோகா திரும்பி வந்தாள். கண் சிவந்திருந்தது. ஆனால் முகத்தில் கோபம் இல்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

"வாங்கப்பா."

"எதுக்கு?"

"சொன்னா நம்ப மாட்டீங்க. நீங்கதான் எதையும் கண்ணால பாக்கணுமே. வந்து பாருங்க."

"நான் அந்தப் படிய மிதிக்க மாட்டேன்னு..."

"மிதிங்கப்பா. படிக்கு ஒண்ணும் ஆகாது."

என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். சின்ன வயதில் ஐஸ் கச்சாங் வாங்கித் தரச் சொல்லி இழுப்பாள், அதே பிடி. நடந்தேன்.

காமாரியா பின்பக்கம் நின்றிருந்தாள். சலாமும் இல்லை, "வாங்கண்ணே"வும் இல்லை. துணி துவைக்கும் மெஷினுக்குப் பின்னால் விரலைக் காட்டினாள்.

குனிந்து பார்த்தேன். பழைய பிரம்புக் கூடை. கீழே பழைய துணி. ஓரத்தில் ஒரு துருப்பிடித்த இரும்பு ஆணி. இடி இடித்தால் அடைமுட்டை கூமுட்டை ஆகிவிடாமல் இருக்க வைக்கிற ஆணி. கூடை நிறைய இறக்கையை விரித்துக்கொண்டு கறுப்பாக உட்கார்ந்திருந்தாள் கருவாச்சி. இறக்கைக்குள்ளிருந்து ஒரு மஞ்சள் தலை எட்டிப் பார்த்தது. பிறகு இன்னொன்று. பிறகு கறுப்பாக ஒன்று.

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது.

"பாத்தியா லோகா! பாத்தியா! நான் சொன்னேனா இல்லியா? கோழியையும் எடுத்து, முட்டையையும் எடுத்து, அடையும் வச்சு, குஞ்சும் பொரிச்சாச்சு! என் கோழி!"

"கத்தாதீங்கண்ணே" என்றாள் காமாரியா. குரலை உயர்த்தவில்லை. "குஞ்சு காலையிலதான் வந்திருக்கு. இன்னும் ரெண்டு ஓடு விரிஞ்சுகிட்டு இருக்கு. அது பயந்து எழுந்திருச்சுன்னா அதுங்க ஓட்டுக்குள்ளயே போயிரும்."

நான் வாயை மூடினேன். கோழி விஷயத்தில் அவள் சொன்னால் சரியாக இருக்கும்.

"நான் கொண்டு வரல" என்றாள். "அதுவா வேலிக்கு அடியில பூந்து வந்து, தினம் ஒண்ணா மெஷினுக்குப் பின்னாடி போட்டிருக்கு. எனக்கே தெரியாது. அது உக்காந்த அன்னைக்குத்தான் பாத்தேன். சொல்லலாம்னு வெளிய வர்றேன், நீங்க லோரோங்ல நின்னு என் பிள்ளைய திருடன்னு கத்திக்கிட்டு இருக்கீங்க."

"அப்புறம் சொல்லியிருக்கலாம்ல?"

"அவன் உள்ள வந்து பாருங்கன்னு சொன்னான்ல? வந்தீங்களா? வந்திருந்தா பத்தே எட்டு, பாத்திருப்பீங்க. நீங்க வரல. எனக்கும் வீம்பு வந்திருச்சு. அதோட, சொன்னா நீங்க சும்மா இருப்பீங்களா? கூடையோட தூக்கிட்டுப் போயிருப்பீங்க. அடையில இருக்கிறத அசைக்கலாமா? அப்புறம் அது முட்டையத் திரும்பிப் பாக்குமா?"

லோகா என்னைப் பார்த்தாள். நான் கூடையைப் பார்த்தேன்.

"சரி. குஞ்சு வந்தாச்சு. என் கோழிய நான் தூக்கிட்டுப் போறேன்."

"உங்க கோழியா?" என்றாள் காமாரியா.

"பின்ன? கால்ல துணி கெடக்கே."

"என்ன நிறம்?"

"பச்சை."

"உங்க வீட்டுக் கோழிக்கு என்ன நிறம்?"

நான் சிவப்பு என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்படியே நின்றேன்.

காமாரியா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவளுக்கும் முழங்கால் வலி.

"பச்சைன்னா கொடுத்தாச்சுன்னு அர்த்தம்ணே. ஷாருல் அத்தாவோட பழைய கைலி, பச்சைக் கட்டம் போட்டது. அதக் கிழிச்சு நானும் ஜெயா அக்காவும் ஆளுக்குப் பாதி வச்சிருந்தோம். எத அந்த வீட்டுக்குன்னு நெனைக்கிறோமோ அதுக்கு முன்னாலயே கட்டிருவோம். கட்டிட்டா அப்புறம் இந்த வீட்டுல அத அடிக்கக் கூடாது, விக்கக் கூடாது. வெறும் தீனி மட்டும் போடலாம். முப்பது வருஷமா இதான். நீங்க தின்னீங்க, பாக்கல."

"கருவாச்சிக்கு யாரு கட்டுனது?"

"அக்காதான். ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி. அப்ப அது சின்னக் கோழி. வேலி ஓரம் நின்னு தூக்கிக் காட்டுனாங்க. 'வர்ற பெருநாளுக்கு இது உனக்கு காமாரியா'ன்னாங்க."

நான் நம்பவில்லை. யார் சொன்னாலும் உடனே நம்புகிற ஆள் இல்லை நான். கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கையை உள்ளே விட்டேன். என் செருப்பின் மேல் ஏறி நின்றவள் என் புறங்கையில் ஒரு கொத்து கொத்தினாள். ரத்தம் வந்தது. விடாமல் அவள் காலைத் தேடிப் பிடித்தேன். துணியைத் தொட்டேன். முடிச்சைத் தொட்டேன்.

ஜெயா இடதுகைக்காரி. அவள் முடிச்சு போட்டால் எல்லாம் மறுபக்கமாக விழும். தவிட்டு மூட்டை, கறிவேப்பிலைக் கட்டு, என் லோரி வேலைக்கு அவள் கட்டித் தந்த சோற்றுப் பொட்டலம், எதையும் என்னால் ஒரே இழுப்பில் அவிழ்க்க முடிந்ததில்லை. துறைமுகத்தில் சக ஆட்கள் சிரிப்பார்கள். "சின்னையா, பொண்டாட்டி பூட்டுப் போட்டு அனுப்பிட்டா" என்பார்கள். பல்லால் கடித்துத்தான் அவிழ்ப்பேன்.

அதே முடிச்சு. ஒரு வருஷமாக என் கண் முன்னால் நடந்திருக்கிறது. நான் தொட்டுப் பார்க்கவில்லை.

எழுந்திருக்கக் கொஞ்ச நேரம் ஆனது. லோகா கை கொடுக்க வந்தாள். வேண்டாம் என்றேன்.

"பெருநாள் வந்து எத்தனை மாசம் ஆச்சு" என்றேன். "அப்பவே ஏன் வந்து கேக்கல?"

காமாரியா முந்தானைத் துணியால் மெஷின் மேல் இல்லாத தூசியைத் துடைத்தாள்.

"வரலாம்னுதான் வந்தேன். காலையில நீங்க அதுகூடப் பேசிக்கிட்டு இருந்தீங்க."

"யாரு? நானா?"

"தகரம்ணே. எல்லாம் கேக்கும். 'இன்னைக்கு மழ வரும் புள்ள, கொடைய எங்க வச்சே'ன்னு கேட்டுக்கிட்டு இருந்தீங்க. அத நான் எப்படிப் புடிச்சிட்டு வர்றது? திரும்பி வந்துட்டேன். அந்தப் பெருநாளுக்கு எங்க வீட்டுல மீன்."

லோகா வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. அப்போதுதான் கொல்லையில் அவளுடைய சேவல் கண்ணில் பட்டது. செம்போத்து நிறம். கொண்டையைச் சாய்த்துக்கொண்டு நிற்பான். பட்டம் வாங்கின பெரிய மனிதரைப் போல டத்தோ என்று கூப்பிடுவார்கள். வெறுங்காலோடு திரிய வேண்டியவன் காலில் ஒரு துணி கிடந்தது.

பச்சை.

"இது?"

"இந்தத் தீபாவளி உங்களுக்கு இல்லன்னு தெரியும். ஆனா அக்காவுக்கு வருஷம் வருமே. அதுக்குத்தான் மூணு மாசம் முன்னாடியே கட்டுனேன்."

"நான் கத்துனதுக்கு அப்புறமும் அவுக்கலியா?"

"அக்காவா கத்துனாங்க?" என்றாள். "எனக்குக் கோவம் இல்லன்னு சொல்ல மாட்டேன். இருக்கு. நெறையவே இருக்கு. அது உங்க மேல. சேவல் அக்காவுக்கு."

தலையை ஆட்டினேன்.

"ஆனா ஒண்ணு" என்றாள். "ஷாருல் அத்தா மவுத் ஆனதிலேருந்து அறுக்கிறது அவன்தான். வேற கை தொட்டதில்ல. அந்தக் கையத்தான் நீங்க திருட்டுக் கைன்னீங்க. நான் அவன்கிட்ட சொல்ல மாட்டேன். லோகாவும் சொல்லக் கூடாது. நீங்களே கேளுங்க. ஆறு மணிக்கு வருவான்."

வாசல்வரைக்கும் வந்துவிட்டேன். பின்னால் அவள் குரல் கேட்டது.

"இன்னொண்ணும் இருக்குண்ணே. அக்கா என்கிட்ட சொல்லிட்டுப் போனது. கோழி விஷயம் இல்ல. படையல் முடியட்டும், சொல்றேன்."

திரும்பிப் பார்த்தேன். காமாரியா உள்ளே போய்விட்டாள். லோகா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மத்தியானம் மழை வந்து நின்றது. அறுபது வயதுவரைக்கும் லோரி ஏறி இறங்கிய ஆள் நான். முதலாளியிடம் கைகட்டி நின்றதில்லை. இருபத்தொன்பது வயதுப் பையனிடம் போய் நிற்க வேண்டும். அவன் பிறந்தபோது என் வீட்டு அடுப்பில்தான் வெந்நீர் காய்ந்தது. நடக்கப் பழகினது எங்கள் கோழிகளுக்குப் பின்னால் ஓடித்தான். துரைக்கு முந்தின சேவல் ஒன்று அவனைத் துரத்தி, அவன் ஜெயாவின் சேலைக்குள் பூந்துகொண்டு "பெரிம்மா, ஆயாம்! பெரிம்மா, ஆயாம்!" என்று அலறுவான். கோழி என்று சொல்ல அவனுக்கு அப்போது மலாயில்தான் வரும். ஜெயா அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு சேவலைத் திட்டுவாள். அந்தச் சத்தமெல்லாம் இந்தக் கொல்லையில்தான் எங்கேயோ இருக்கிறது.

ஆறு மணிக்கு முன்னாலேயே வெளிக்கேட்டில் போய் நின்றேன். ஆறே காலுக்கு மோட்டார் வந்தது. ஷாருல் ஹெல்மெட்டைக் கழற்றினான். பேக்டரிச் சட்டை மழையில் நனைந்திருந்தது.

"என்ன அங்கிள், இன்னைக்கு என்ன காணோம்?"

இது எனக்கு வேண்டியதுதான்.

"ஒண்ணும் காணாமப் போகல. கருவாச்சியப் பாத்தேன்."

"சரி."

"உங்கம்மா எல்லாம் சொன்னா."

"சரி."

"சரி சரின்னா என்னடா அர்த்தம்?"

"சரின்னா சரிலா. வேற என்ன சொல்லணும்? நீங்க அன்னைக்கு இங்க கேட்டுல நின்னு மெதுவாப் பேசல அங்கிள். அங்க நின்னு பேசுனீங்க." லோரோங் நடுவைக் காட்டினான். "நம்ம லோரோங் பசங்க ரெண்டு பேரு என் லைன்லதான் வேல செய்றானுங்க. இன்னைக்குவரைக்கும் என்னை 'ஹோய் ஆயாம்'னுதான் கூப்புடுறானுங்க. கேன்டீன்ல கோழி வாங்குனா, 'பாத்து, யாரு வீட்டுது'ன்னு சிரிக்கிறானுங்க. இப்ப கேட்டுல வந்து நின்னு ரகசியமா..."

அவன் முடிக்கவில்லை. நானும் அவன் முடிக்கும்வரை நிற்கவில்லை. நடந்துபோய் லோரோங் நடுவில், தண்ணீர் தேங்கின இடத்தில், அன்றைக்கு நின்ற அதே இடத்தில் நின்றேன். எதிர் வீட்டுச் சீனக் கிழவர் வாசலில் செடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். முனை வீட்டுக்காரி துணி எடுத்துக்கொண்டிருந்தாள். இன்னும் இரண்டு கதவு திறந்தே கிடந்தது. போதும்.

"எல்லாரும் கேட்டுக்குங்க! ஷாருல் கோழி எடுக்கல. அது என் கோழியே இல்ல. அவங்க வீட்டுக் கோழி. என் பொண்டாட்டி அவங்களுக்குக் கொடுத்தது. ஒரு வருஷமா அவங்க கோழிய நான் வச்சிருந்துட்டு அவனைத் திருடன்னு சொன்னேன். தப்பு என் மேல!"

சீனக் கிழவர் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். அன்றைக்கு நான் மலாயிலும் சேர்த்துத்தான் திட்டியிருந்தேன். அதனால் மலாயிலும் சொன்னேன்.

"தவுக்கே! டியா தா சூரி! சாயா யாங் சாலா!"

முதலாளி, அவன் திருடவில்லை, தப்பு என்னுடையது. அவர் கையை ஆட்டினார். முனை வீட்டுக்காரி துணியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வாயைத் திறந்தபடியே உள்ளே போனாள். இன்னும் பத்து நிமிஷத்தில் மற்ற வீடுகளுக்கும் போய்ச் சேர்ந்துவிடும். அவள் அதற்கென்றே பிறந்தவள்.

கேட்டுக்குத் திரும்பி வந்தேன். செருப்பு நனைந்து சப் சப் என்றது.

"நாளைக்கு உன் பெரிம்மாவுக்குப் படையல்" என்றேன். "உன் கை வேணும்."

ஷாருல் ஹெல்மெட்டைக் கையில் திருப்பிக்கொண்டே நின்றான். என்னைப் பார்க்கவில்லை.

"நாளைக்கு எனக்கு மார்னிங் ஷிப்ட்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டான்.

அவ்வளவுதான்.

பள்ளிவாசலில் பாங்கு சொல்ல ஆரம்பிக்கிற நேரம் கோழிகள் தாமாகவே கூட்டுக்கு வந்தன. ஒவ்வொன்றாகத் தூக்கி இரைப்பையை அமுக்கிப் பார்த்தேன். ஜெயா சாயங்காலம் விடாமல் செய்வது அது. இரைப்பை நிறைந்து கெட்டியாக இருந்தால் அது தூங்கும். காலியாக இருந்தால் சீக்கு, இல்லையென்றால் மற்றதுகள் விரட்டுகின்றன. ஐந்தும் நிறைந்திருந்தது. துரை மட்டும் தொடவிடாமல் கெத்தாக ஏறிப்போனான்.

தாழ்ப்பாளில் கை வைத்தேன்.

வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தம். கல்லில் இரும்பு இழுபடுகிற சத்தம். ஒரு இழுப்பு. இரண்டு. மூன்று. நான்கு. நான்கோடு நின்றது. காஜா மொய்தீன் அதற்கு மேல் இழுத்ததில்லை. அவர் பிள்ளையும் இழுக்கவில்லை.

நான் கோழிகளை எண்ணினேன். ஒரே ஒரு தடவை. தாழ்ப்பாளைப் போட்டேன்.

உள்ளே போகத் திரும்பினால், வேலியோரம் லோகா நின்றிருந்தாள். அந்தப் பக்கம் காமாரியாவின் தலை தெரிந்தது. மெதுவாக ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். "அப்பா தாங்க மாட்டாரு அத்தை" என்று லோகா சொன்னது மட்டும் கேட்டது. தகரம். எல்லாம் கேட்கும்.

என்னைப் பார்த்ததும் பேச்சு நின்றது.

"என்ன லோகா?"

"ஒண்ணுமில்லப்பா. கோழி எல்லாம் அடைஞ்சிருச்சா?"

நான் தாழ்ப்பாளை மறுபடி திறந்து, முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தேன்.